பழைய போனைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

பழைய செல்போன், உடைந்த செல்போன், ஓடாத செல்போன் எதுவானாலும் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் குடமோ பக்கெட்டோ வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் வண்டி தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் புதிதல்ல. பரணிலும் அலமாரியிலும் வருடக்கணக்கில் கிடந்த நோக்கியாவும் மைக்ரோமேக்ஸும் கார்பனும் அந்த வண்டியில் ஏறிப் போகின்றன. கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் மெமரி சிப்பைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்றுகூடப் பலருக்குத் தோன்றுவதில்லை. போனோடு அதுவும் போகிறது.

இதற்குப் பின்னால் ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. கடைக்காரர், கல்லூரி படிக்கும் பையன், அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாமா என்று எல்லோருமே ஒரே குரலில் அதைச் சொல்கிறார்கள். பழைய போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் படம் எடுப்பதெல்லாம் அந்தக் காலத்து வேலையாம். இப்போது எல்லாம் தானாகவே கிளவுடில் ஏறிவிடுகிறதாம். அவசரமாக வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாமாம். பழைய போனை மாட்டினாலும் கம்ப்யூட்டர் காட்டாதாம். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: அப்படி என்னதான் இருந்துவிடப் போகிறது அதில்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கும் கல்வராயன் மலையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சில் ஒரு வரிகூடத் தேறாது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடும் அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று விரிந்து கிடக்கும் இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயர்தான் மலையாளி, பேச்சு தமிழ். நெடுங்காலம் மலை மூன்று ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்தப் பிடி உடனே விடவில்லை. 1976-ல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளிக் குடியானவர் வீட்டுப் பெட்டியில் மூன்று தலைமுறைப் பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மலைக்காரர் வீட்டில் அது இருக்க வழியில்லை.

இந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டவை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலையாளிகளைப் பற்றிய பகுதி இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் மலையேறி வந்த கதையை அவரும் குறித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவை அரசு அறிக்கைகள், வனத்துறைப் பதிவேடுகள், சாராய வழக்குகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எழுதியவர், படம் பிடித்தவர், மனு போட்டவர், தீர்ப்புச் சொன்னவர் என இவர்களில் அநேகர் வெளியிலிருந்து வந்தவர்கள்.

மலைக்காரர் தன்னைத் தானே படம் பிடித்தது, தன் பாட்டியின் குரலைத் தானே பதிந்துகொண்டது எப்போது? கேமரா வைத்த பட்டன் போன் கைக்கு வந்த பிறகுதான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்படும்வரை கோடிக்கணக்கான போன்கள் அங்கிருந்து வெளியே வந்தன. கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போன மலை இளைஞர்கள் ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுவந்த பொருள்களில் அதுவும் ஒன்று. அதற்கு முன் ஒரு குடும்பப் படம் வேண்டுமென்றால் மலையிறங்கி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். அதற்குக் காசும் ஒரு நாள் கூலியும் போகும். பெரும்பாலான வீடுகளுக்கு அந்த இரண்டு மெகாபிக்சல் கேமராதான் முதல் ஆல்பம், அந்த வாய்ஸ் ரெக்கார்டர்தான் முதல் டேப்.

ஆகவே அதில் இருப்பது இதுதான்: இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். சாமி கும்பிடும்போது பெண்கள் பாடிய பாட்டு, இரைச்சலோடு, மூன்று நிமிடம். சாமைக் கதிர் அறுத்த காடு. கல் அடுக்கிக் கட்டிய வரப்பு. மழைக்கு முன் இருந்த பழைய ஓட்டு வீடு. யாரிடமோ கடன் வாங்கி எடுத்த சாதிச் சான்றிதழின் மங்கலான படம்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்பவர்கள் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நினைத்துப் பார்க்கட்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டு நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பாதுகாக்க வழி செய்தது. 1994-ல் நூலகம் உருவானது. குப்பை என்று மற்றவர்கள் ஒதுக்கியதை வைத்து இன்று தமிழ்ச் சமூகத்தின் வரலாறு எழுதப்படுகிறது. கல்வராயன் மலையின் அழைப்பிதழும் நோட்டீஸும் காகிதத்தில் இல்லை. அவை 2 ஜிபி சிப்புகளில் இருக்கின்றன.

நினைவு, பாசம் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் நிலக் கணக்காகவே பேசலாம். 2006-ல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்து பயிர் செய்யும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்கிறது. உரிமை கோருபவர் ஆதாரம் காட்ட வேண்டும். என்னென்ன ஆதாரம் காட்டலாம் என்று 2008-ல் வந்த விதிகளின் 13-வது விதி வரிசையாகச் சொல்கிறது. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல; வீடு, குடிசை, சமன் செய்த நிலம், வரப்பு, தடுப்பணை போன்ற கண்ணால் காணும் அடையாளங்கள், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், வம்சாவளி ஆகியவையும் சான்றுகள். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது விதி. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட ஒரு வகை ஆவணத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று குழுக்கள் வற்புறுத்தக் கூடாது, செயற்கைக்கோள் படம் துணைச் சான்றாகத்தான் இருக்கலாம் என்றது.

இந்தச் சான்றுப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படித்தால் அது ஒரு பழைய போனின் கேலரியைப் போலவே தெரியும். 2009-ல் எடுத்த படம் 2005-ல் நிலம் யாரிடம் இருந்தது என்று எப்படிச் சொல்லும் என்று கேட்கலாம். படத்தில் காய்த்துத் தொங்கும் பலா மரம் நான்கு வருடத்தில் அப்படி வளராது. பாசி படர்ந்த கல் வரப்பு நேற்றுக் கட்டியதாக இருக்காது. இடுகாட்டில் சாய்ந்து கிடக்கும் கற்கள் பல தலைமுறைக்கு முந்தியவை. அந்த மரம் பிறகு புயலில் விழுந்திருக்கலாம், வரப்பைச் சாலைக்காக இடித்திருக்கலாம், வாக்குமூலம் தரவேண்டிய பெரியவர் இறந்திருக்கலாம். படம் மட்டும் இருக்கும். 2019 பிப்ரவரியில், உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாத இறுதியில் அதைத் தானே நிறுத்தி வைத்தது. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான குடும்பங்களைத் தூக்கமில்லாமல் ஆக்கிய நாட்கள் அவை. மறுபரிசீலனை என்று மனுப் போடும்போது கூடுதலாக வைக்க ஒரு படமாவது கையில் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் விலை அல்ல.

அப்படி இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போயிற்று என்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். முதலாவதாக, அந்தப் போன்களில் வாட்ஸ்அப்பே ஓடாது. நோக்கியா சிம்பியன் போன்களுக்கான சேவை 2017 ஜூனோடும், எஸ்40 வகைப் போன்களுக்கான சேவை 2018 டிசம்பரோடும் நின்றுவிட்டது. ஓடுகிற பழைய ஆண்ட்ராய்டு போனிலும் வழக்கமாக அனுப்பும் முறையில் படம் சுருங்கித்தான் போகிறது. சுருங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படத்தின் கோப்புக்குள்ளேயே எந்தப் போனில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்று பதிந்திருக்கும் குறிப்பு அழிந்துவிடுகிறது. நிலத் தகராறில் அந்தத் தேதிதான் உயிர். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் அசல் அப்படியே போகும் என்பது உண்மைதான். அதைத் தெரிந்து அனுப்புகிறவர்கள் குறைவு என்பதும் உண்மை.

சட்டம் அசலை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஒரு வழக்கு போதும். கேரளத்தின் ஏறநாடு தொகுதியில் 2011 தேர்தலை எதிர்த்து அன்வர் என்பவர் தொடுத்த வழக்கில், பிரச்சாரப் பாட்டுகளையும் பேச்சுகளையும் வேறு கருவிகளில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியாக்கிக் கொடுத்தார்கள். உரிய சான்றிதழ் இல்லாததால் அந்த சிடிக்களை ஏற்க முடியாது என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூலப் பொருளையே சாட்சியமாக வைத்திருந்தால் நிலைமை வேறு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். கிராம சபையும் வன உரிமைக் குழுவும் நீதிமன்றங்கள் அல்ல. அங்கே இத்தனை கெடுபிடி இல்லை. விவகாரம் நீதிமன்றப் படியேறினால் கேள்வி வரும். ஆகவே பிரதி எடுத்த பிறகும் போனையும் சிப்பையும் வைத்திருக்க வேண்டும். பிரதி எடுத்தாகிவிட்டது, இனி குடம் வாங்கலாம் என்று முடிவு செய்வதும் தவறுதான்.

இனி கிளவுட். கூகுள் போட்டோஸ் சேவை 2015 மே மாதம்தான் வந்தது. அதற்கு முந்திய படங்கள் யாராவது ஏற்றியிருந்தால் ஒழியப் பெரும்பாலும் அங்கே இல்லை. பட்டன் போன் படங்கள் தானாக ஏற வாய்ப்பே இல்லை. அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபியைத்தான் தின்கிறது. இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. குடகில் ஒரு சிம், கேரளத்தில் ஒரு சிம், ஊரில் ஒரு சிம் என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பழைய எண் நிலைக்காது. ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். சில காலம் கழித்து அது வேறொருவருக்குப் போய்விடும். கடவுச்சொல் மறந்த கணக்குக்கு ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று நகரத்தில் சொல்லப்படும் வார்த்தைக்குக் கீழே நிலையான எண், நிலையான கணக்கு, நிலையான இணைப்பு என்று மூன்று தூண்கள் இருக்கின்றன. மூன்றும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

மலையில் சிக்னல் எப்படி என்று யாரும் விளக்கத் தேவையில்லை. செல்போன் சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்த திட்டத்தில் நாடு முழுவதும் 24,680 கிராமங்கள் இருந்தன. கோபுரம் வந்த இடங்களிலும் ஒரு வளைவு தாண்டினால் கோடு குறைகிறது. ஒரு சின்னக் கணக்கு: மேலேற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 2 ஜிபி ஏற ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால். அதே 2 ஜிபி, நொடிக்கு 5 எம்பி என்ற சுமாரான வேகத்தில் கார்டு ரீடர் வழியே ஏழு நிமிடத்தில் லேப்டாப்பில் இறங்கிவிடும். டேட்டா செலவு இல்லை. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்.

சரி, கம்ப்யூட்டர் காட்டவில்லையே என்ற புகாருக்கு வருவோம். இது பொய்ப் புகார் அல்ல. மாட்டுகிறார்கள், போனில் சார்ஜ் ஏறும் படம் வருகிறது, கம்ப்யூட்டரில் ஒன்றும் வருவதில்லை. பழி போன்மேல் விழுகிறது. உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். சாதாரண டேட்டா கேபிள் ஒன்றின் மேலுறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. பேருந்து நிலையத்தில் முப்பது ரூபாய்க்கு விற்கும் பல கேபிள்களில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் கேபிளில் எந்தப் போனை மாட்டினாலும், நேற்று வாங்கிய விலையுயர்ந்த போனை மாட்டினாலும், கம்ப்யூட்டர் காட்டாது.

கேபிள் சரியாக இருந்தும் வரவில்லையா? ஆண்ட்ராய்டு 6-லிருந்து, அதாவது 2015-க்குப் பிறகு வந்த போன்கள், மாட்டியவுடன் சார்ஜ் மட்டும் ஏற்றும்படியே அமைந்தவை. திரையின் மேலிருந்து விரலால் இழுத்து, யூஎஸ்பி என்று வரும் அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரைப் பூட்டைத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். அதற்கும் முந்திய பழைய ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் போன் பென் டிரைவ் போலவே கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளும். பட்டன் நோக்கியாவில் மாட்டிய உடனே மாஸ் ஸ்டோரேஜா, பிசி சூட்டா என்று போனே கேட்கும். மாஸ் ஸ்டோரேஜ் என்று சொன்னால் போதும். எந்த மென்பொருளும் தேவையில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தவறவிட்டுத்தான் பலர் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பல பட்டன் போன்களில் மாஸ் ஸ்டோரேஜ் வழியாகத் தெரிவது சிப் மட்டும்தான். குரல் பதிவுகள் போனின் சொந்த மெமரியில் கிடக்கலாம். முதலில் போனுக்குள்ளேயே அவற்றைத் தேர்ந்து சிப்புக்கு நகர்த்திவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். எடுத்த குரல் பதிவு ஏஎம்ஆர் என்ற வகையிலும், வீடியோ 3ஜிபி (.3gp) என்ற வகையிலும் இருக்கும். கம்ப்யூட்டரில் பாடவில்லை என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர் இரண்டையும் பாடும். தொடர்பு எண்களை நோக்கியாவின் பிசி சூட் மென்பொருள் மூலம் எடுக்கலாம், அல்லது சிம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். எஸ்எம்எஸ்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிசி சூட் ஒத்துழைக்காவிட்டால் முக்கியமானவற்றை வேறொரு போனில் படம் பிடித்துக்கொள்வதே எளிது.

போனே உயிர் பெறவில்லை என்றாலும் கதை முடிந்துவிடாது. நோக்கியாவின் பல போன்களுக்குப் பொருந்தும் பிஎல்-5சி பேட்டரி இன்றும் கிடைக்கிறது, கையடக்க ரேடியோக்களிலும் சின்ன ஸ்பீக்கர்களிலும் அதே அளவு பேட்டரி ஓடுவதால். பழைய பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடவே கூடாது, கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். திரை போன போன், பட்டன் தேய்ந்த போன், தண்ணீரில் விழுந்த போன் எதுவானாலும் சிப்பை மட்டும் எடுத்துக் கார்டு ரீடரில் போட்டால் பெரும்பாலும் திறக்கிறது. காலம் தாழ்த்துவதில்தான் ஆபத்து. இந்தச் சிப்புகள் தகவலை நுண்ணிய மின்னூட்டமாகத் தேக்கி வைப்பவை. மின்சாரம் பாயாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியும், வெப்பத்தில் வேகமாகக் கசியும். ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை வெயிலில் கிடக்கும் சிப் அடுத்த சித்திரையிலும் திறக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் பிரவுசிங் சென்டரில் சிப்பை மாட்டினால் வைரஸ் ஏறும் என்று பயந்ததற்குக் காரணம் இருந்தது. மாட்டியவுடன் தானாக ஓடும் வசதியைப் பிடித்துக்கொண்டும் 2008 முதல் கான்ஃபிக்கர் போன்ற வைரஸ்கள் பரவின. விண்டோஸ் 7-ல் யூஎஸ்பி சாதனங்களுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது, 2011-ல் பழைய விண்டோஸுக்கும் திருத்தம் வந்தது. இன்றும் பொதுக் கம்ப்யூட்டரில் மாட்டும்போது எச்சரிக்கை வேண்டும். தெரிந்தவர் வீட்டு லேப்டாப்பே மேல். இன்னொரு வாதமும் சரியானது. லேப்டாப்பில் போட்டுவிட்டதாலேயே படம் பத்திரமாகிவிடாது, அந்த லேப்டாப்பும் ஒருநாள் கெடும். இரண்டாவதாக ஒரு பென் டிரைவில் வேறொரு வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் மலையடிவாரத்துக்கு வந்து கிளவுடிலும் ஏற்றினால் இன்னும் நல்லது. கிளவுட் வேண்டாம் என்பதல்ல வாதம். கேபிள் இல்லாமல் அந்தப் படங்கள் கிளவுட் வரைக்கும்கூடப் போய்ச் சேராது என்பதுதான்.

தேதி விஷயத்திலும் கண்மூடி நம்பக் கூடாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும் போன்கள் உண்டு. ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று 2010 என்றும் மற்றொன்று 2000 என்றும் காட்டலாம். அதனால்தான் படத்தை இறக்கியவுடனே அதை எடுத்தவரையும் படத்தில் இருப்பவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, யார், எந்த இடம், எந்த வருடம், எந்த விசேஷம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயரை மாற்றலாம், கோப்பின் உள்ளே கை வைக்கக் கூடாது. திருத்துவதாக இருந்தால் தனிப் பிரதியில் திருத்த வேண்டும்.

இதற்கெல்லாம் மலையில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு வருடாவருடம் லேப்டாப் கிடைத்தது. மலைப் பிள்ளைகளும் வாங்கினார்கள். அவற்றில் பல, பேட்டரி போனாலும் கரண்ட்டில் போட்டால் இன்றும் ஓடக்கூடியவை. புது இணையதளங்களைத் திறக்கத் திணறும் அந்த லேப்டாப், பழைய போனுக்கு நல்ல ஜோடி. நோக்கியா பிசி சூட் விண்டோஸ் 7-ல் தகராறு இல்லாமல் ஓடும். இணையமே தேவைப்படாத வேலை இது.

அரசு அலுவலகங்களும் இதில் செய்யக்கூடியது இருக்கிறது. வன உரிமைக் கோரிக்கைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆதாரம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பும் இடத்தில், ஆதாரத்தை வெளியே எடுக்கும் கருவியும் இருக்க வேண்டும். வெள்ளிமலையில் ஓர் அரசு சேவை மையத்திலும் மலையின் மேல்நிலைப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைகளிலும் ஒரு கார்டு ரீடர், மைக்ரோ யூஎஸ்பி, மினி யூஎஸ்பி வகைகளில் நான்கு கம்பி கொண்ட கேபிள், ஒரு பிஎல்-5சி பேட்டரி, விஎல்சி போட்ட ஒரு கம்ப்யூட்டர் ஆகியவற்றை வைத்தால் போதும். புதிதாக வாங்க வேண்டிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். வாரத்தில் ஒரு நாள், சந்தை கூடும் நாளாகப் பார்த்து, பழைய போன் கொண்டுவருபவர்களுக்கு இறக்கிக் கொடுக்கலாம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய வேலை. கிராம சபை கூடும்போது வன உரிமைக் குழுவினர் அந்தப் படங்களைப் பார்த்து, எந்த நிலம், யாருடைய வரப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கோரிக்கையோடு இணைக்கலாம். விதி 13 அதற்கு இடம் தருகிறது.